பிரதம விருந்தினரின் முதல் வேலை

மூன்று இடத்துக் கணினிகளையும் சேர்த்து ஒரே வேலையைச் செய்விக்க வேண்டுமென்றால், மூன்றும் ஒரே நேரத்தில் கையொழிந்து இருக்க வேண்டும். ஒன்று மறித்தாலும் மற்ற இரண்டும் வாய் பார்த்துக்கொண்டிருக்கும். கிளிநொச்சியில் எங்கள் மையம், வவுனியாவில் ஒரு கல்லூரி, முல்லைத்தீவில் ஓர் ஆய்வு நிலையம். எந்த வேலை எப்போது ஓடும் என்ற வரிசை என் கையில். இரண்டு மாதமாக ஒழுங்காகத்தான் ஓடியது. அதன் பிறகுதான் திறப்பு விழா என்ற சனியன் வந்தது.

ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றை எதற்குத் திறப்பது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. விழாவன்று காலை ஒன்பது மணியிலிருந்து மூன்று இடத்தையும் வெறுமையாக வைக்கச் சொன்னார் எங்கள் மையத்தின் பணிப்பாளர் குகதாசன். முதல் வேலையைப் பிரதம விருந்தினர் தம் கையால் அழுத்தித் தொடங்க வேண்டுமாம். சுபநேரம் பத்து பன்னிரண்டு. நானும் தலையாட்டிவிட்டு வரிசையைப் பூட்டினேன்.

அன்று பார்த்து விடிய விடிய மழை. ஒன்பதரைக்கு நீர்ப்பாசனப் பொறியியலாளர் நிரோஜா போன் எடுத்தாள்.

"விஜி அண்ணை, பனிச்சையடிக் குளம் நிரம்பீட்டுது. நாலு மணிக்குக் கதவு திறக்கோணும். புது றோட்டு போட்டாப் பிறகு தண்ணி எந்தப் பக்கம் பாயுமெண்டு தெரியேல்லை. மழைக் கணக்கு அனுப்பீட்டன், ஓட்டித் தாங்கோ."

"மூண்டு மணித்தியாலம் எடுக்கும்."

"எடுக்கட்டும். ஒரு பக்கத்துச் சனத்தையும் மாட்டையும் கிளப்பத்தான் என்னட்ட ஆள் கிடக்கு. மேற்கோ கிழக்கோ எண்டு மட்டும் சொல்லுங்கோ."

பணிப்பாளரிடம் ஓடினேன். அவர் மாலையை ஈரத்துணியால் மூடிக்கொண்டிருந்தார்.

"பிரதம விருந்தினர் வர முதல் ஓடினா அது எப்பிடித் தம்பி முதல் வேலை? மற்ற ரெண்டு இடத்துக்காரரும் என்ன நினைப்பினம்? கொஞ்சம் பொறுங்கோ."

பூட்டை நீக்க என் விரல் ஒன்று போதும். நான் பொறுத்தேன்.

சுபநேரம் போயிற்று. மூன்று ஊரிலும் இயந்திரங்கள் குளிர்காற்று வாங்கிக்கொண்டு நின்றன. பிரதம விருந்தினர் வந்தபோது மணி இரண்டேகால். அழுத்தினார். திரையில் அவருடைய பெயர் பூப்பூவாக விரிந்தது. அவ்வளவுதான் அந்த முதல் வேலை. எல்லாரும் கைதட்டினார்கள். வெட்கங்கெட்ட நானும் தட்டினேன்.

நிரோஜாவின் வேலையை ஓட விட்டபோது மணி இரண்டரை. நான்கு மணிக்கு மேல் குளக்கட்டு தாங்காது. மேற்குத்தான் பதிவு, பள்ளம் என்று நினைத்து ஆட்களை அங்கே அனுப்பிவிட்டு அவள் கதவைத் திறந்தாள். ஐந்தரைக்கு என் திரையில் வரைபடம் வந்தது. கிழக்கு.

மறுநாள் அவளோடு கிழக்குப் பக்கம் போனேன். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய வீரையாவின் காணி அது. அவரும் மனைவியும் கூரையில் ஏறித் தப்பியிருந்தார்கள். கொட்டிலில் கட்டியிருந்த பதினொரு மாடும் கட்டிய இடத்திலேயே வயிறு ஊதிக் கிடந்தன. நாற்றம் தொடங்கிவிட்டது.

நான் யாரென்று நிரோஜா சொன்னாள்.

"கணக்குப் போட்டது நீங்கதானா தம்பி?" என்று கேட்டார் வீரையா.

"ஓம் ஐயா."

"சரியா வந்துச்சா?"

"சரியா வந்தது."

அவர் கோபப்படவில்லை. வீட்டுக்குள் போய், சேறு படிந்த கதிரை ஒன்றைத் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தால் துடைத்துக்கொண்டு வந்து எனக்குப் போட்டார்.

"தூரத்துலயிருந்து வந்திருக்கீங்க. இருங்க."

எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் உட்கார்ந்தேன்.