வியாழக்கிழமை விமானத்தில் ஒரு லேஞ்சி

அல்மேந்திரா என்ற ஸ்பெயின் நாட்டு விமானக் கம்பனி 1994 செப்ரெம்பரில் ஒரு திங்கட்கிழமை இழுத்து மூடப்பட்டது. அந்தக் கிழமை வியாழன் பின்னேரம் அதன் விமானம் வழக்கம்போல மட்ரிட்டிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்து இறங்கியது. உள்ளே விமானி இல்லை, பணிப்பெண் இல்லை, பயணிகளும் இல்லை. இறங்கிவிட்ட விமானத்துக்கு ஒரு வாசல் கொடுக்கத்தானே வேண்டும் என்று கடைசி மூலையில் ஒன்றைக் கொடுத்தார்கள். கதவு தானாகத் திறந்தது. துப்புரவுக்காரர் ஏறிக் கூட்டித் துடைத்துவிட்டு இறங்கினார்கள். எண்ணெய் ஒரு சொட்டும் கேளாமல் விமானம் திரும்பிப் போனது.

கம்பனியின் சரித்திரம் நீண்டதல்ல. மயோர்க்காத் தீவில் வாதுமைப் பருப்பு விற்ற ஒருவர் எண்பத்தேழில் பழைய விமானம் ஒன்றை வாங்கி, அதன் வாலில் வெள்ளை வாதுமைப் பூவை வரைவித்து, வெயிலுக்கு ஏங்கிய சனத்தைக் கடற்கரைகளுக்கு ஏற்றி இறக்கினார். ஒன்று மூன்றாகியது. தொண்ணூற்றொன்றிலிருந்து வியாழக்கிழமைகளில் ரொறன்ரோவுக்கும் வந்தது. பிறகு எண்ணெய் விலை ஏறக் கம்பனி சரிந்தது. ஒரு விமானத்தை விற்றார்கள். இன்னொன்று சாப்பாட்டுக் கடையாகியது. மூன்றாவதற்குச் செய்தி சொல்ல எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

அந்த மூன்றாவதை முதல் நாளிலிருந்து கூட்டித் துடைத்து வந்தவள் கமலாம்பிகை. ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்து வோபர்னிலிருந்து விடியப்புறம் வெளிக்கிட்டு, பஸ் மாறி மாறி விமான நிலையம் இருக்கிற மிசிசாகாவுக்கு வேலைக்கு வருகிறவள். அவள் புருசன் தில்லையம்பலம் நான்கு வருடமாக மட்ரிட்டில் ஒரு ஹொட்டேல் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். கனடா என்று சொல்லிக் கூட்டிப்போன ஏஜென்சிக்காரன் பாதி வழியில் அங்கே இறக்கிவிட்டுக் காணாமல் போயிருந்தான். ஒருவழியாக விசா கிடைத்தது. செப்ரெம்பர் முடிவதற்குள் வந்து இறங்காவிட்டால் அது செல்லாது, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவன் ரிக்கற் எடுத்ததோ அல்மேந்திராவில். கம்பனி மூடியதால் நடுத்தெருவில் நின்ற சனம் மற்ற விமானங்களையெல்லாம் நிரப்பிவிட்டது.

"கவுண்டரையும் கழட்டிக்கொண்டு போட்டாங்கள், கமலம். கம்பனி செத்துப்போச்சு," என்றான் ரெலிபோனில்.

"செத்ததெண்டால் ஏனப்பா கிழமைக்குக் கிழமை வருகுது? நான் இப்பதான் கூட்டிப்போட்டு வாறன்."

"இஞ்சயும்தான் வந்து நிக்குது. கண்ணாடிக்குள்ளால பாத்தனான். கதவு திறக்குதில்லை. எனக்கெண்டு ஒரு சீற் உதுக்குள்ள ஆர் பிடிச்சு வைச்சிருக்கினம்?"

கமலாம்பிகை ரெலிபோனை வைத்துவிட்டு யோசித்தாள். யாழ்ப்பாணத்தில் பஸ் வந்து நிற்குமுன்பே யன்னலுக்குள்ளால் லேஞ்சியைப் போட்டு இடம் பிடிப்பார்கள். ஒருவருடைய கைக்குட்டை கிடக்கிற இடத்தில் பொலிஸ்காரனும் உட்காரமாட்டான். அடுத்த வியாழன் அவள் விமானத்தைக் கூட்டி முடித்து, பதினான்காம் வரிசை யன்னலோரத்தில் ஊரிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த தில்லையம்பலத்தின் நீலக்கரை லேஞ்சியை விரித்து, அதற்கு மேலால் பெல்ற்றையும் இழுத்துப் பூட்டினாள்.

மேற்பார்வை பார்க்கிற எட்வேட் வாசலில் நின்று பார்த்தான். "என்னக்கா, பருத்தித்துறை பஸ் எண்டு நினைச்சிட்டியளோ?"

"பஸ்ஸோ பிளேனோ, பிடிச்ச இடம் பிடிச்சதுதான். நீர் உந்தக் குப்பைப் பையைக் கட்டும், தம்பி."

மற்ற வியாழன் வந்தபோது விசா முடிய ஒரு நாள் இருந்தது. விமானம் நேரந்தவறாமல் வந்து மூலை வாசலில் நின்றது. கதவு திறக்க, வாலில் வரைந்திருந்ததைப் போன்ற வாதுமைப் பூக்கள் உள்ளிருந்து வெள்ளை வெள்ளையாகக் கொட்டின. அவற்றை மிதித்துக்கொண்டு, கையில் ஒற்றைப் பெட்டியும் தோளில் லேஞ்சியுமாகத் தில்லையம்பலம் வந்தான். நான்கு வருடத்துக்குப் பிறகு அவன் அவளுக்குச் சொன்ன முதல் வார்த்தை, "பெல்ற்றை உப்பிடியே இறுக்கிறது? கழட்டப் பட்ட பாடு."

அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுச் சிரித்தாள். எட்வேட் கைதட்டத் தொடங்க, பக்கத்து வாசல்களில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவர்களும் ஏனென்று கேளாமல் தட்டினார்கள். குடிவரவு அதிகாரி எந்த விமானம் என்று கேட்டார், சொன்னார்கள். திகதி சரியாக இருந்ததால் முத்திரை குத்தினார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வோபர்ன் முழுக்கக் கதை பரவியது. விசா வந்தும் வழி வராமல் நின்றவர்களின் வீட்டார் சால்வை, துவாய், பிள்ளையின் தொப்பி என்று கொண்டுவந்து கமலாம்பிகையிடம் கொடுத்தார்கள். தொண்ணூற்றாறில் விமானம் பாதி நிறைந்தது. தொண்ணூற்றேழில் யன்னலோரத்துக்கு அடிபட்டார்கள். வந்து இறங்கிய மாமிமார், வழியில் ஒரு மிடறு தேத்தண்ணியும் தரவில்லை என்று குறைப்பட்டார்கள்.

தொண்ணூற்றெட்டில் அந்த வாதுமை வியாபாரியே ரொறன்ரோவைப் பார்க்க ஆசைப்பட்டு மட்ரிட்டில் வந்து நின்றார். கதவு திறக்கவில்லை. அவர் விசாரித்து அறிந்து, ஓரத்தில் ரேந்தைப் பின்னல் வைத்த கைக்குட்டை ஒன்றை ஆள் மூலம் அனுப்பிவைத்தார். கமலாம்பிகை அதை மரியாதையாக வாங்கி, மற்றெல்லாம் நிறைந்திருந்தபடியால் கடைசி வரிசையில் கக்கூசுக்குப் பக்கத்தில் போட்டாள். அவர் அந்தச் சீற்றிலேயே உட்கார்ந்து வந்தார்.