நடந்து போகிற தூரம்தான்

லாஸ் வேகாஸுக்கு முதல்முறை வருகிறவர்களை வெர்லீன் ஸ்டப்ஸ் விமான நிலைய வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவாள். கண் மேலே பார்த்தபடி இருக்கும், வாய் திறந்திருக்கும், பெட்டி ஒரு பக்கமாக உருண்டு போய்க்கொண்டிருக்கும். பதினேழு வருஷமாக ஓட்டல் வேன் ஓட்டுகிறவளுக்கு இதுகூடத் தெரியாமலா இருக்கும்? அவர்களை ஏற்றிக் கதவைச் சாத்தினால் அவள் வாய் திறந்துகொள்ளும். ஓட்டல் வாசல் வரும்வரை மூடாது.

“ரூம்ல குட்டி ஃபிரிட்ஜ் இருக்கும். அதுல ஒண்ணையும் தொடாதீங்க. சும்மா பாட்டிலைத் தூக்கிப் பாத்துட்டுத் திருப்பி வெச்சாலும் பில்லுல ஏறிடும். ரோட்டுல பொண்ணுங்க இறகு கட்டிக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டே வந்து தோள்ல கை போடும். சார், அது உங்க அழகுக்காக இல்ல. ஒரு போட்டோவுக்கு இருபது டாலர்! அப்புறம், சூதாட்ட ஹால்ல கடிகாரமும் கிடையாது, ஜன்னலும் கிடையாது. போன்ல அலாரம் வெச்சு நேரத்துக்குச் சாப்பிடுங்க. இல்லேன்னா எழுந்திரிக்கும்போது கண்ணு இருட்டிக்கிட்டு வரும்.”

வேன் முழுக்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் உயிருக்கு உதவுகிற புத்திமதியை அவள் வேனுக்குள் சொல்லமாட்டாள். அதை வாசலுக்கென்று எடுத்து வைத்திருப்பாள். பெட்டிகளை இறக்கி வைத்தபிறகு, வந்தவர் கை குலுக்குவார். அந்தக் குலுக்கலில் மடித்த நோட்டு ஒன்று அவள் உள்ளங்கைக்கு மாறும். அப்புறம்தான் கடைசிப் பாட்டு.

“இன்னொண்ணு கேட்டுக்கோங்க. இங்க கட்டடமெல்லாம் பூதம் மாதிரி. நாலு மாடிக்கு ஒரே ஜன்னல் மாதிரிக் கண்ணாடி போட்டு வெச்சிருக்கான். அதனால எல்லாம் பக்கத்துலயே நிக்கிற மாதிரி இருக்கும். நம்பிடாதீங்க. பகல்ல நடக்கவே நடக்காதீங்க. இந்த வெயில்ல வேர்க்கிறதே தெரியாது, வர்ற வேகத்துல காஞ்சிரும். நல்லாத்தானே இருக்கோம்னு நெனச்சுக்கிட்டே விழுந்துருவீங்க.”

நோட்டு வராத கைகளுக்கும் ஏதோ கொஞ்சம் உண்டு. “தண்ணி எடுத்துக்கிட்டுப் போங்க” என்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாவது சொல்லிவிடுவாள். சம்பளம் பேருக்குத்தான். இந்த ஊரில் பாதி வீடுகளில் டிப்ஸில்தான் அடுப்பு எரிகிறது. கொடுக்காதவன்மேல் கோபம் வரத்தான் செய்யும். ஆனாலும் அந்த ஒரு வரியைச் சொல்லாமல் விட்டதில்லை, அந்த ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

அன்றைக்குக் காலையிலிருந்தே அவளுக்கு எதுவும் சரியாக அமையவில்லை. ஏதோ மாநாட்டுக்கு வந்த எட்டுப் பேர், எட்டுப் பேருக்குப் பதினாறு பெட்டி, இறங்கியதும் எட்டுப் பேரும் போனைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்கள். இடுப்பு விண்விண் என்று தெறித்தது. அடுத்த நடையில் வந்தவர்கள்தான் ஐலெர்ட்டும் சிக்ரிட்டும். நார்வே நாட்டின் வடகோடியில் ஏதோ ஊர். இருவருக்கும் எழுபதை ஒட்டி வயது இருக்கும். மூன்று விமானம் மாறி வந்த களைப்பு கண்ணில் இருந்தாலும் கிழவர் நெட்டையாக, நிமிர்ந்து நின்றார். கல்யாணமாகி நாற்பத்தைந்தாவது வருஷம், பிள்ளைகள் சேர்ந்து டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்களாம்.

வெர்லீன் பெட்டியைத் தூக்கக் குனிந்தாள். கிழவர் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார்.

“வேணாம், வேணாம். நீங்க போய்த் தூக்குறதா? நான் பாத்துக்கிறேன்.”

அவர் ஊரில் அது மரியாதை. வயசான பெண்பிள்ளையைத் தன் சுமையைத் தூக்கவிட்டு நிற்பது அவருக்குக் கூச்சம். ஆனால் இந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பெட்டியைத் தொடவிடாவிட்டால் காசு கொடுக்க வேண்டாம். இந்த வித்தையைச் செய்கிறவர்களை வெர்லீன் நூறு பேர் பார்த்திருக்கிறாள். ‘சரிதான், பலே கெட்டிக்காரன்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். வழியெல்லாம் வழக்கமான பேச்சைப் பேசினாள். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஃபிரிட்ஜ் விஷயத்தை சிக்ரிட் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள். நல்ல சனங்கள்தான், குடுப்பார்கள் என்று வெர்லீனுக்கு மறுபடி ஒரு நப்பாசை வந்தது.

ஓட்டல் வாசலில் ஐலெர்ட் இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். “ரொம்ப நன்றி. இவ்வளவு அழகாப் பேசுற டிரைவரை நாங்க பாத்ததே இல்ல” என்றார். வெர்லீனின் விரல்கள் தேடிப் பார்த்தன. தோல்தான் இருந்தது. அவர் கையை விட்டபிறகும் அவள் கை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றது. அவளுக்குக் குப்பென்று முகம் சிவந்துவிட்டது. அழகாகப் பேசுகிறாளாம்! இவர்களுக்குப் பொழுதுபோக்கவா பேசுகிறாள்?

பெட்டிகளை வாங்கி வைக்கும் ஆஸ்வால்டோ வந்து, ரூம் நாலு மணிக்குத்தான் கிடைக்கும் என்று சொல்லிவிட்டு பெட்டிகளை உள்ளே தள்ளிக்கொண்டு போனான். மணி அப்போது ஒன்றுகூட ஆகவில்லை. ஐலெர்ட் கண்ணுக்கு மேலே கையை வைத்துத் தெருவின் கோடியைப் பார்த்தார். அங்கே அந்தப் பெரிய ராட்டினச் சக்கரம் வானத்தில் நின்றுகொண்டிருந்தது.

“நாலு மணி வரைக்கும் உள்ள உக்காந்திருக்க எங்களால முடியாது. நாங்க நடக்கிற ஜாதி. மலையெல்லாம் ஏறுவோம்” என்றார். “அந்தச் சக்கரம் எவ்வளவு தூரம்? நடந்து போயிடலாமா?”

இந்தக் கேள்விக்கான பதிலைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவள் சொல்வாள்.

“அதோ, கண்ணு முன்னாடி நிக்குதே” என்றாள் வெர்லீன். “நடந்து போற தூரம்தான் சார். மலையேறுறவருக்கு இது என்ன பிரமாதம்? பத்து நிமிஷம்.”

சொல்லிவிட்டு வேனில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். கண்ணாடியில் பார்த்தபோது கிழவர் மனைவியின் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். ‘நல்லா வேகட்டும். ரெண்டு சிக்னல் தாண்டினதும் நாக்குத் தள்ளித் திரும்பி வருவாங்க. அப்ப புத்தி வரும்’ என்று நினைத்தாள். நினைக்கும்போது சுகமாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

விமான நிலையத்தில் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. ரேடியோவில் நூற்றுப் பதினைந்து டிகிரி ஃபாரன்ஹீட் என்றார்கள். ஓஹையோவிலிருந்து வந்த அக்கா தங்கை இருவரை ஏற்றிக்கொண்டு ஓட்டல் திரும்பும்போது மணி இரண்டரை. அக்காக்காரி கை குலுக்கியபோது பத்து டாலர் நோட்டு வந்தது. வெர்லீன் கடைசிப் பாட்டை ஆரம்பித்தாள். “பகல்ல நடக்கவே நடக்காதீங்க” என்று சொன்னவளுக்கு அதற்குமேல் வரவில்லை. திரும்பித் தெருக்கோடியைப் பார்த்தாள். அந்தப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

“டேய் ஆஸ்வால்டோ! அந்த நார்வேக்காரங்க திரும்பிட்டாங்களா?”

“இல்லியே. பெட்டி இங்கதான் கெடக்கு” என்றான் அவன். “டாக்ஸி பிடிச்சுத் தரட்டுமான்னு கேட்டேன். டிரைவரம்மா பத்து நிமிஷம்தான்னு சொன்னாங்க, அவங்களுக்குத் தெரியாததான்னு கிழவர் கெளம்பிட்டாரு. என்ன மகாராணி, தமாஷ் பண்ணியா?”

“தண்ணி எடுத்துக்கிட்டுப் போனாங்களா?”

“கையில ஒண்ணையும் காணோம்.” அவன் சிரிப்பு அடங்கியது. “ஏய், நெஜமாவே அப்படிச் சொன்னியா?”

வெர்லீன் ஓடிப்போய் ஏறினாள். வேனைத் திருப்பினாள். வேன் எங்கே போகிறது என்று ஆபீஸில் திரையில் தெரியும், கேள்வி வரும், ஏற்கெனவே அவள்மேல் இரண்டு புகார் இருக்கிறது. எல்லாம் நாசமாய்ப் போகட்டும். அவர்கள் நல்லபடியாக இருந்தால் போதும், காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

ஒன்றரை மைல் தள்ளி, நடைபாதை ஓரமாக நட்டு வைத்த பனைமரம் ஒன்றின் அடியில் சிக்ரிட் உட்கார்ந்திருந்தாள். பனை நிழல் எவ்வளவு இருக்கும்? அதில் முதுகை மட்டும் மறைத்துக்கொண்டு, காலைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். முகம் வெந்து சிவந்திருந்தது. வெர்லீனைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்களா! கடவுளே, நீங்களே வந்துட்டீங்க.”

“அவரு எங்க?”

“எனக்குத் தலை சுத்துச்சு. நீ இங்கயே உக்காரு, சக்கரம் இதோ வந்திருச்சு, அங்க தண்ணி வாங்கிட்டு ஓடி வந்துர்றேன்னு போனாரு. அரை மணிக்கு மேல ஆச்சு.”

அவளைத் தூக்கி வேனின் குளிர்ச்சிக்குள் உட்காரவைத்து, இருந்த தண்ணீர் பாட்டிலைக் கையில் திணித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொல்லிவிட்டு வெர்லீன் வண்டியைக் கிளப்பினாள். கண் இரண்டு பக்கமும் ஓடியது. தெருவுக்குக் குறுக்கே போகும் மேம்பாலம் ஒன்றின் படிக்கட்டருகே நீண்ட கால்கள் இரண்டு தெரிந்தன. வண்டியை நடுரோட்டிலேயே விளக்கைச் சிமிட்டவிட்டு நிறுத்தினாள். பின்னால் ஹாரன்கள் அலறின.

ஐலெர்ட் சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தார். ஜனங்கள் அவர் காலைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். இந்த ஊரில் தரையில் கிடக்கிறவன் குடிகாரன், அவ்வளவுதான். யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அவளும் எத்தனையோ முறை அப்படித் தாண்டிப் போனவள்தானே? அவர் மடியில் இரண்டு தண்ணீர் பாட்டில் இருந்தன. இரண்டின் மூடியும் திறக்கவே இல்லை. வாங்கிக்கொண்டு திரும்பி வரும் வழியில் உட்கார்ந்திருக்கிறார். மனைவிக்குக் கொடுக்காமல் தான் குடிக்க மனம் வரவில்லை போலிருக்கிறது, பாவி மனுஷன்!

“சார்! சார்! ஐலெர்ட்!” நெற்றியைத் தொட்டவள் கையைச் சட்டென்று எடுத்துவிட்டாள். சொட்டு வேர்வை இல்லாமல் காய்ந்து, கொதித்தது. இரண்டு பாட்டிலையும் திறந்து தலையிலும் மார்பிலும் ஊற்றினாள். “யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்களேன்!” என்று கத்தினாள். அவர் கண் பாதி திறந்திருந்தது. அவளைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஐஸ் போட்டார்கள், ஊசி போட்டார்கள், என்னென்னவோ செய்தார்கள். ஐந்தேகால் மணிக்கு டாக்டர் வெளியே வந்து சிக்ரிட்டுக்கு எதிரில் குந்தி உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அழவில்லை. டாக்டர் எழுந்து போனபிறகு, “அவரோட செருப்பை எங்க வெச்சிருக்காங்க?” என்று வெர்லீனைக் கேட்டாள்.

வெர்லீனின் போன் ஆறாவது முறையாக அடித்தது. ஆபீஸிலிருந்து சூப்பர்வைசர் குவென். வெர்லீன் தாழ்வாரத்துக்குப் போய் எடுத்தாள்.

“ஆஸ்வால்டோ எல்லாத்தையும் சொன்னான். நீ எதுவும் பேசாத. வருத்தமா இருக்குன்னு மட்டும் சொல்லு” என்றாள் குவென். “தேடிப் போய்க் கூட்டிட்டு வந்திருக்க. அந்தம்மா உன்னைத் தெய்வம்னுதான் நெனைக்கும். அதைக் கெடுத்துக்காத. வேனை எடுத்துக்கிட்டுக் கெளம்பி வா. வேலை இருக்கணுமா வேணாமா உனக்கு?”

வெர்லீன் போனை அணைத்தாள். வேலை வேண்டும்தான். ஐம்பத்தெட்டு வயதில், இந்த இடுப்பை வைத்துக்கொண்டு, இன்னொரு இடத்தில் யார் சேர்ப்பார்கள்? பையை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்றுதான் அவள் நாற்காலி பக்கம் திரும்பி வந்தாள். சிக்ரிட் பக்கத்து நாற்காலியைத் தட்டி உட்காரச் சொன்னாள்.

“நீங்க வரலேன்னா நானும் போயிருப்பேன். எங்க புள்ளைங்ககிட்ட சொல்லணும், உங்க முழுப் பேரு என்ன?” அந்தச் சின்ன நோட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தாள். பிறகு நிறுத்தினாள். “அவங்க கேப்பாங்க. அப்பாவுக்கு மலை, குளிரு, தூரம் எல்லாம் தெரியுமே, எப்படிக் கணக்குத் தப்பினாருன்னு. நீங்க சொன்ன பத்து நிமிஷ வழிய எங்க விட்டாருன்னு எனக்கே புரியல. நாப்பத்தஞ்சு வருஷத்துல ஒருதடவைகூட அவரு வழி தப்பினதில்ல.”

இந்த அம்மாள் வீட்டுக்குப் போய், செத்துப்போன மனுஷனின் புத்தி மழுங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டே மீதிக் காலத்தை ஓட்டுவாள். அதை மட்டும் வெர்லீனால் தாங்க முடியவில்லை.

“அவரு தப்பல மேடம். நான்தான் பொய் சொன்னேன்.”

சிக்ரிட் நிமிர்ந்து பார்த்தாள்.

“பத்து நிமிஷம் இல்ல. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். எனக்கு நல்லாத் தெரியும். வர்றவங்க எல்லார்கிட்டயும் நடக்காதீங்கன்னு சொல்றவ நான். உங்ககிட்ட வேணும்னே சொன்னேன்.”

“ஏன்?” என்றாள் சிக்ரிட். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, புரியாமல் கேட்டாள். “நாங்க உங்கள என்ன பண்ணினோம்?”

“நீங்க டிப்ஸ் குடுக்கல. அந்தக் கோவம்.”

“டிப்ஸா? வேன் இலவசம்னுதானே போட்டிருந்துச்சு?”

“வேன் இலவசம்தான். ஓட்டுறவங்களுக்குத் தனியாக் குடுப்பாங்க. இங்க அது வழக்கம்.”

“எங்களுக்குத் தெரியாதே.” சிக்ரிட் பேனாவை மூடினாள். “யாரும் சொல்லலியே. தெரிஞ்சிருந்தா அவரு குடுத்திருப்பாரு. சந்தோஷமாக் குடுத்திருப்பாரு. எவ்வளவு குடுக்கணும்?”

வெர்லீன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்டது காதில் விழவில்லையோ என்று சிக்ரிட் அவள் கையைத் தொட்டு இன்னொரு தரம் கேட்டாள்.

“அஞ்சு டாலர்” என்றாள் வெர்லீன்.

“ஒருத்தருக்கு அஞ்சா?”

“இல்ல மேடம். ரெண்டு பேருக்கும் சேர்த்து.”