பாதிச் சேலை

தாடிக்கொம்பு சாலையில் பானுப்ரியா நடத்தும் நாய் விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. நாயை விட்டுப்போகிறவர் தான் உடுத்திய, துவைக்காத துணி ஒன்றையும் விட்டுப்போக வேண்டும். நாய்க்கு முகத்தைவிட வாடைதான் ஆள். தெரிந்த வாடை பக்கத்தில் இருந்தால் புது இடத்திலும் பயமில்லாமல் சாப்பிடும்.

கண் ஆபரேஷனுக்காக மதுரை போகவேண்டிய ராமையா, தன் சட்டையோடு தன் நாய் பூச்சியை முன்கூட்டியே விட்டிருந்தார். பூச்சி சட்டையையும் மோந்து பார்க்கவில்லை, சோற்றையும் தொடவில்லை.

"தினமும் சோறு வச்சது யாருங்கய்யா?" பானுப்ரியா போனில் கேட்டாள்.

"எம் பொண்டாட்டி ஜக்கம்மாதாம்மா. அவ போயிச் சேந்துட்டா."

"அவங்க கட்டுன துணி இருந்தாக் கொண்டாங்க. துவைச்சது ஆகாது. இப்படியே பட்டினி கிடந்தா நான் வச்சுக்க ஏலாதுய்யா."

ஒரே ஒரு சேலை இருந்தது. துவைக்காமல் அதைத் தலையணைக்கடியில் வைத்திருந்தார். நாய் படுத்துப் புரண்டால் அதில் நாய் வாடைதான் மிஞ்சும் என்பது அவருக்குத் தெரியும்.

மறுநாள் செம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து சேலையை நீட்டினார். பாதிதான் இருந்தது.

"கிழிச்சுட்டீங்களாய்யா?"

"எனக்கும் வேணும்லம்மா."

பூச்சி துணிக்குள் மூக்கைப் புதைத்து வெகுநேரம் கிடந்தது. பிறகு எழுந்து தட்டுப் பக்கம் போனது.

தட்டு காலியாகும்வரை ராமையா கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். இனி ஆபரேஷனுக்குப் போகலாம். கூட வரத்தான் யாருமில்லை.