ஆறாம் திருவிழா உபயம்

ஆறாம் திருவிழாவன்று காலை ஏழரை மணிக்குத் தவிலின் வார் அறுந்தது.

சின்னக் கோயில், தவில் ஒன்றுதான். அளவெட்டியிலிருந்து வந்த நாதசுரகாரரும் வாசிப்பை நிறுத்தினார். சங்கற்பம் சொல்லிக்கொண்டிருந்த ஐயரின் குரல் மட்டும் தனியே கேட்டது. உபயகாரரின் நட்சத்திரமும் பெயரும் வரும் இடம்.

"உத்தரட்டாதி நட்சத்திரம், தம்பிஐயா நாமதேயஸ்ய…"

அருமைநாயகி கூப்பிய கைகளை இறக்கினாள். ஆறாம் திருவிழா அவளுடைய மாமனார் காலத்து உபயம். தர்ப்பை போட்ட விரலோடு ஐயருக்கு முன்னால் நின்றவர் அவளுடைய கணவர் சோமசேகரம், அரசாங்க சபை அங்கத்தவர். தம்பிஐயா, கொக்குவிலைச் சுற்றியுள்ள கள்ளுத் தவறணைகளையெல்லாம் குத்தகைக்கு எடுத்தவன்.

தவறணைகளை மூடச் சொல்லும் தீர்மானம் நாளைக்குச் சபையில் வாக்குக்கு வருகிறது. பின்னேர ரயிலில் சோமசேகரம் கொழும்புக்குப் போகிறார். தேர்தல் நேரம் வீடு வீடாக ஏறி இறங்கி, 'என்ரை மனிசன் பூட்டுவிப்பார்' என்று பெண்களுக்குச் சொன்னவள் அருமைநாயகி. அந்தப் பெண்கள்தான் இப்போது அவளுக்குப் பின்னால் நின்றார்கள்.

"அக்கா, உது ஆரின்ரை பேர்?" என்றாள் பூரணம். புகையிலை விற்ற காசையெல்லாம் புருசன் தவறணையில் கொடுத்துவிட்டு வர, கூலிக்கு மாவிடிப்பவள்.

"ஐயர் மாறிச் சொல்லிப்போட்டார்."

"வடிவாய்த்தானே சொன்னவர். நட்சத்திரமும் பேரும் சேர்த்தல்லோ சொன்னவர்."

தீபாராதனை முடிந்ததும் அருமைநாயகி ஐயரிடம் போனாள்.

"ஐயா, பேர் மாறிப்போச்சு."

"இல்லைப் பிள்ளை." ஐயர் திருநீற்றை நீட்டினார். "செலவழிச்சவரின்ரை பேரைச் சொன்னால்தானே பலன் அவருக்குப் போய்ச் சேரும்? போன வருசமும் தம்பிஐயாதானே. மேளச் சத்தத்திலை உங்களுக்குக் கேட்டிராது."

அவர் ஒளித்துப் பேசவில்லை. ஒளிக்க வேண்டியது எது என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

அருமைநாயகி திருநீற்றைக் கையிலேயே வைத்திருந்தாள். போன வருசம் இதே தீர்மானம் சோமசேகரத்தின் வாக்கு இல்லாமல் தோற்றது. வாக்கெடுப்பன்று கொழும்பில் காய்ச்சலில் கிடப்பதாகத் தந்தி அடித்திருந்தார். திரும்பி வந்தவருக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். ஒரு கிழமை பத்தியச் சோறு. 'மனத்தைப் போட்டு அலட்டிக்கொள்ளாதையுங்கோ' என்று தேற்றியவளும் அவள்தான்.

ஒரு கிழமையும் அவர் அந்தச் சோற்றைச் சாப்பிட்டார்.

சோமசேகரம் சால்வையைச் சரிசெய்துகொண்டு வந்தார்.

"வாரும், வெய்யில் ஏறுது. நாலு பேருக்கு முன்னாலை உதுகளைக் கதைக்க வேண்டாம்."

"அந்த நாலு பேரும் கேட்டிட்டினம்."

அவர் பெண்கள் பக்கம் திரும்பவில்லை. விரலில் கிடந்த தர்ப்பையைக் கழற்றப் பார்த்தார். அது வரவில்லை. தவில்காரர் புது வாரை இழுத்துக் கட்டி ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ," என்றாள் அருமைநாயகி, எல்லாருக்கும் கேட்க. "நான் போய்ப் பெட்டி அடுக்கோணும். நாளைக்கும் உங்களுக்குக் காய்ச்சல் வருமோ?"