டொலறஸின் முதுகும் ஒரு செடியின் பூர்வீகமும்

1

தென்லண்டனில் மிச்சம் (Mitcham) என்ற ஊரின் ட்ராம் நிறுத்தத்தில் ஓர் அன்ரி என் கையில் ஒரு தாளைத் திணித்தார். இந்தக் கதை அங்கேதான் தொடங்கியது.

"பிள்ளை, நீ கம்பஸ் முடிச்சனி எண்டு அம்மா சொன்னவ. இதிலை என்ன கிடக்கு எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லு."

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அதனால் கவுன்சில் கடிதம், அரச உதவிப்பணப் படிவம், யாரோ ஒருவரின் ஸ்கேன் முடிவு என்று அச்சடித்த எல்லாமே கடைசியில் என்னிடம் வந்து சேரும். நான் படித்தது புவியியல். அதைப் பற்றி யாருக்கும் அக்கறை கிடையாது.

தாளில் மூன்று தலைப்புகள். பூர்வீகம், விளைவுகள், மருத்துவப் பயன்கள். ஒரு கஞ்சா வகையைப் பற்றியது. திருட்டுக் கஞ்சா இல்லை. நிபுணர் எழுதிக்கொடுத்து, மருந்தகத்திலிருந்து கூரியரில் வருவது. "அன்ரி, இது வந்து..." என்று நான் இழுப்பதற்குள் ட்ராம் வந்தது, அவர் ஏறிவிட்டார். தாள் என்னிடமே தங்கிவிட்டது. இனி வருவதெல்லாம் நானாக உண்டாக்கியது. டொலறஸ் என்ற அன்ரியின் பெயர்கூட.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"மிச்சத்தில் பனி பெய்துகொண்டிருந்த ஒரு" (அடித்துவிட்டேன். லண்டன் தமிழ்க் கதை என்றால் பனி பெய்தே ஆகவேண்டுமா? இது ஜூன் மாதம். வியர்க்கிறது.)

"போர் அவளுடைய முதுகெலும்பில் ஒரு" (இதையும்தான். டொலறஸின் முதுகு போனது ஒரு சூப்பர்மார்க்கெட்டில், மாவு மூட்டை தூக்கியபோது. தமிழ்ப் பெண்ணின் வலி என்றவுடன் ஷெல்லைத் தேடுகிறவர்கள் தயவுசெய்து அடுத்த கதைக்குப் போகலாம்.)

"கஞ்சா என்ற சொல்லைக் கேட்டதும் டொலறஸின் கணவர் கிறிஸ்துராஜா சிலுவை போட்டுக்கொண்டார்." இது இருக்கட்டும்.

3

டொலறஸுக்கு ஐம்பத்துமூன்று வயது. பேக்கரிப் பகுதியில் இரவு ஷிப்ட். காலையில் வந்து, குளித்து, ஒன்பது மணிக்குப் படுப்பாள். பதினொன்றுக்கு இடுப்பிலிருந்து இடது கால் பெருவிரல் வரைக்கும் யாரோ ஒரு கம்பியைக் காய்ச்சி இழுப்பார்கள். அதோடு அன்றைய நித்திரை சரி. நான்கு வருடமாக இப்படி. ஒப்பரேஷன் ஒன்று, ஊசி இரண்டு, குளிசை எத்தனை வகை என்று அவளுக்கே நினைவில்லை.

அவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. தொடர்ந்து நாலு மணித்தியாலம் நித்திரை.

கடைசியில் ஒரு தனியார் கிளினிக்கில் இந்தக் கஞ்சாப் பூவை எழுதிக்கொடுத்தார்கள். ஒரு மாதம் எடுத்துப் பார்க்கவேண்டும். பலன் இல்லையென்றால் நிறுத்திவிடுவார்கள், அதன் பிறகு எழுத தன்னிடம் வேறு எதுவும் இல்லை என்று டொக்டர் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்.

பூ வந்தது. அதைச் சூடாக்கி உறிஞ்சுகிற மெசினும் வந்தது. டிவி ரிமோட் மாதிரி ஒன்று.

4

இங்கேதான் எனக்குக் கிறிஸ்துராஜா மீது சந்தேகம் வந்தது.

முதல் வரைவில் அவர் வில்லன். "ட்ராம் ஸ்டொப்பிலை பெடியள் உறிஞ்சிற சாமான்! என்ர மனிசி இதை வாயிலை வைக்கிறதோ?" என்று கத்தி, மெசினைக் குப்பையில் போடுகிறார். நன்றாக வந்திருந்தது அந்தப் பக்கம். கத்துகிற ஆண்களை எழுத எனக்கு நன்றாக வரும். கேட்டுக் கேட்டுப் பழகிய காது.

ஆனால் அடுத்த வரியில் மனிதர் அடுப்படிக்குப் போய்ப் பானையைத் தூக்கி வைத்தார். அப்படிச் செய்யச் சொன்னது நானில்லை. கத்தியது உண்மை, மெசினைக் குப்பையில் போடாமல் அலுமாரிக்கு மேல் ஒளித்ததும் உண்மை. அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் என் கைக்கு அடங்கவில்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டு லேபிளை வாசித்தார். ஆவியாக உள்ளே இழுக்கவேண்டும். அவ்வளவுதானே? முப்பது வருடமாக அந்த வீட்டின் தடிமன், காய்ச்சல் எல்லாவற்றுக்கும் ஆவி பிடிக்க வைத்தவர் அவர். மெசின் எதற்கு?

கேக் நிறுக்கிற டிஜிட்டல் தராசில் பூவைச் சரியாக அளந்தார். கொதிதண்ணீரில் போட்டார். கூடவே ஒரு துண்டு மஞ்சள். டொலறஸைக் குந்தவைத்து, தடித்த போர்வையால் தலையோடு மூடினார். போர்வைக்குள் தனியாக இருந்தால் அவளுக்கு மூச்சு முட்டும் என்று தானும் புகுந்துகொண்டார்.

"இழும் டொலா. நல்லா இழும்."

"இழுக்கிறன்தானே. உங்கட முழங்கையை எடுங்கோ."

இருபத்தாறு நாட்கள், ஒவ்வொரு காலையும். (இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் எப்படி வில்லன் கதை எழுதுவது?)

5

செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு கிளினிக்கின் மருந்தகத்திலிருந்து போன் வந்தது. டொலறஸ் 'ஹலோ' சொன்ன விதத்திலேயே மறுமுனை தமிழுக்கு மாறிவிட்டது.

"வணக்கம் அன்ரி, நான் தனுஷியா, பார்மசிஸ்ட். வியாழக்கிழமை டொக்டரோடை உங்களுக்கு வீடியோ கோல். அதுக்கு முதல் சில கேள்வி."

"கேளும் பிள்ளை. நீர் எவடம்?"

"லண்டனிலை, வால்தம்ஸ்டோ."

"அதில்லை. ஊரிலை?"

"அம்மா கரவெட்டி, அப்பா இளவாலை."

"இளவாலையிலை ஆரின்ர ஆக்கள்?"

"அன்ரி, இது ரெக்கோர்ட் ஆகுது."

டொலறஸுக்குச் சிரிப்பு வந்தது. "சரி, உம்மட பூர்வீகத்தை விடுவம். இந்த மருந்தின்ர பூர்வீகத்தைச் சொல்லும். ஒரு மாசமா வீட்டுக்கை வச்சிருக்கிறன், ஆரெண்டே தெரியாமல்."

"பேர் பிளாக் பிஷப்."

"பிஷப்போ!" பக்கத்திலிருந்து, ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த கிறிஸ்துராஜா. "ஆர் இதுக்கு ஞானஸ்நானம் குடுத்தது?"

(அந்தப் பெயரை வைத்தது நான். தாளில் இருந்த பெயர் இதைவிட அபத்தம்.)

"தாய் ஆப்கானிஸ்தான் மலைப்பக்கம்," என்றாள் தனுஷியா. "கட்டை, அகலமான இலை, குளிர் தாங்கும். தகப்பன் கலிபோர்னியாவிலை பிறந்தது. ஆனா தகப்பன்ர தாய்வழி தாய்லாந்து."

"கலப்புக் கலியாணம்."

"ஓம். எழுபது வீதம் இண்டிகா, முப்பது வீதம் சட்டைவா. தாயின்ர சாயல் கூட."

"நல்லது. தகப்பன்ர பக்கத்திலை ஏதும் விசர் கிசர்?"

"அது நாங்கள் உங்களிட்டைக் கேக்கிற கேள்வி அன்ரி. குடும்பத்திலை பெரிய மனநோய் இருந்திருந்தால் இதை எழுதவே யோசிப்பினம்."

"என்ர பக்கம் ஒண்டும் இல்லை. இவற்ற பக்கம் வாய் மட்டும்தான்."

அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இண்டிகா என்றால் இந்தியாவைச் சேர்ந்தது. இந்தியாவிலிருந்து போன செடியைப் பார்த்து ஒரு பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர். இண்டிகா உடம்பைத் தளர்த்தும், சட்டைவா மனதைக் கிளப்பும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் பலர் அதை ஏற்பதில்லை; செடிக்குள் எந்தெந்தச் சரக்கு எவ்வளவு என்பதுதான் முக்கியம் என்கிறார்கள். அதாவது, குலத்தை வைத்துக் குணத்தைச் சொல்ல முடியாது. செடி விஷயத்திலேயே இதை ஒப்புக்கொண்டாயிற்று. எங்கள் கலியாணத் தரகர்களுக்கு யார் சொல்வது?

மறுபடியும் போனுக்கு வருவோம்.

"வாய் காயுதோ அன்ரி?"

"இல்லை."

"தலைச்சுத்து? கண் சிவப்பு? கூடப் பசி?"

"ஒண்டும் இல்லை."

"நித்திரை?"

"அதே இரண்டு மணித்தியாலம்."

"முதுகு நோ?"

"அப்பிடியே கிடக்கு."

தட்டச்சுச் சத்தம் நின்றது. "ஒரு மாற்றமும் இல்லையோ?"

டொலறஸ் நேர்மையாக யோசித்தாள். "மூக்கு நல்லாத் திறந்திருக்கு."

"அன்ரி... இதை எப்பிடி எடுக்கிறீங்கள்?"

"இவர் பானையிலை போட்டு ஆவி பிடிக்க வைக்கிறார்."

"பானையிலை."

"மஞ்சளும் போடுறவர்."

தனுஷியா போனைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தது மிச்சம் வரைக்கும் கேட்டது. திரும்பி வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு விளக்கினாள். அந்த மருந்துச் சரக்கு தண்ணீரில் கரையாது. தண்ணீர் நூறு பாகையில் கொதிக்கும். இதற்கு நூற்றெண்பது அளவில் வேண்டும். அதற்குத்தான் மெசின்.

"அப்ப பாலிலை காய்ச்சினால்?" கிறிஸ்துராஜா போனுக்குள் குனிந்தார்.

"அங்கிள், வேண்டாம்! எவ்வளவு உள்ளை போகுதெண்டே தெரியாது."

"தேங்காய்ப்பால்?"

"அங்கிள்!"

6

சிரிப்பு அடங்கியதும் தனுஷியா குரலைத் தாழ்த்தினாள். "இதை நான் நோட்ஸிலை எழுதத்தான் வேணும். சொன்னபடி பாவிக்காட்டில் சில டொக்டர்மார் நிப்பாட்டிப்போடுவினம். கேட்கமுதல் நீங்களே சொல்லிப்போடுறது நல்லது."

போனை வைத்ததும் கிறிஸ்துராஜா கதிரையில் உட்கார்ந்தார். "இருபத்தாறு நாள்," என்றார். டொலறஸ் அவரைப் பார்த்தாள். நான்கு வருட வலியோடு இவர் வீணாக்கிய இருபத்தாறு நாளும் சேர்ந்துகொண்டது. ஆனால் அந்த முகத்தோடு அவரை டொக்டர் முன்னால் நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. 'நான்தான் செய்தனான் எண்டு சொல்லுவம்' என்று முடிவுசெய்தாள்.

7

முடிவு அ: டொக்டர் தலையை அசைத்தார். "துரதிர்ஷ்டவசமாக" (மாட்டேன். இந்தச் சொல்லோடு தொடங்கும் கடிதங்களை இந்த ஊரில் போதுமான அளவு வாசித்துக் காட்டிவிட்டேன்.)

முடிவு ஆ: முதல் மூச்சிலேயே வலி பறந்து (பொய். சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கொஞ்சம், சிலருக்கு இல்லவே இல்லை என்று அந்தத் தாளே ஒப்புக்கொள்கிறது. ஒரு மருந்துத் தாளைவிடக் குறைந்த நேர்மையோடு நான் கதை எழுதமாட்டேன்.)

முடிவு இ: வியாழன் பதினொரு மணி. திரையில் களைத்துப்போன ஒரு பெண் டொக்டர். டொலறஸ் வாயைத் திறந்தாள். "டொக்டர், ஐ..."

அதற்குள் அயர்ன் பண்ணிய சட்டையோடு கிறிஸ்துராஜா திரைக்குள் புகுந்தார். "நோ டொக்டர். நொட் ஹெர். மீ. பொட், ஹொட் வோட்டர், பிளாங்கெட்." டொக்டருக்கு விளங்கவில்லை. கிறிஸ்துராஜா போர்வையை எடுத்துத் தன் தலையில் போட்டுக் காட்டினார். உள்ளிருந்து "டுவென்டி சிக்ஸ் டேய்ஸ்" என்ற குரல் மட்டும் வந்தது.

டொக்டர் கமராவை நிறுத்தினார். மைக்கை நிறுத்த மறந்துவிட்டார். அந்தச் சிரிப்பைக் கேட்டு டொலறஸும் சிரித்தாள்; முதுகு குத்தக் குத்தச் சிரித்தாள்.

டொக்டர் இன்னும் ஒரு மாதம் எழுதிக்கொடுத்தார். சின்ன அளவில் தொடக்கம், மெசினால் மட்டும். ஒரே நிபந்தனை, பானைக்கு ஓய்வு கொடுக்கவேண்டும்.

8

சனிக்கிழமை காலை. ஷிப்ட் முடிந்து, குளித்து, டொலறஸ் கட்டிலில் சாய்ந்திருக்கிறாள். திங்கள் வரை வேலை இல்லை. கிறிஸ்துராஜா மெசினைப் பிடித்திருக்கிறார், கோயிலில் மெழுகுதிரி பிடிக்கிற மாதிரி. ஒரு இழுப்பு. பத்து நிமிடம் பார்த்து இன்னொன்று.

"என்னப்பா, ஏதும் தெரியுதோ?"

"இல்லை."

"இப்ப?"

"உங்கட முகம் கொஞ்சம் வடிவாத் தெரியுது."

"அப்ப கூடிப்போச்சு," என்று பயந்துபோய் அவர் லேபிளைத் தேடினார். அவள் சிரித்துக்கொண்டே கண்ணை மூடினாள். அவர் திரைச்சீலையை இழுத்துவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, அறை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தார். பார்சல்காரன் மணியை அடிக்கப்போனான்; யன்னலுக்குள்ளால் கையைக் காட்டி அவனை நிறுத்தினார்.

மணி பத்து. பதினொன்றுக்கு அந்தக் கம்பி வரும். அல்லது வராது.

உள்ளே போய்ப் பார்த்து எழுதுகிற அதிகாரம் எனக்கு உண்டு என்பார்கள். பாவிக்கமாட்டேன். நான்கு வருடம் கழித்து ஒருத்தி கண் அசரும்போது பேனாவோடு தலைமாட்டில் போய் நிற்க எனக்கு விருப்பமில்லை. எத்தனை மணிக்கு அவள் எழும்பினாள் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பகல் இரண்டு மணி என்று வைக்கிற கையாக இருந்தால் எனக்குச் சந்தோஷம். ஐந்து என்றாலும் பேராசை என்று சொல்லமாட்டேன்.

பார்த்தே ஆகவேண்டும் என்றால் செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். ஆனால் கிறிஸ்துராஜா உங்களை விடமாட்டார்.