லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஊற்றிய காபி

லிஃப்ட் மெக்கானிக் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன காலையில் அவனுக்காக ஊற்றிவைத்த காபி, வருடங்கள் ஓடியும் ஆறவில்லை. வற்றவுமில்லை. மேசை விரிப்பு உருகி ஓட்டையானதும் அவன் மனைவி கோப்பையை ஜன்னலோரக் கல்மேடைக்கு மாற்றினாள். வீட்டு உரிமையாளர் திருட்டு மின்சாரமோ என்று மீட்டரைப் பார்த்துவிட்டுப் போனார். கீழ்வீட்டு நர்ஸ் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்து, "ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டாள்.

சண்டை சின்னதுதான். கொதிக்கிற தண்ணீரை அப்படியே தூள்மேல் ஊற்றாதே, கசக்கும் என்று அவன் தினமும் சொல்வான். ஒருநாளாவது அடுப்பங்கரைக்கு வந்து போட்டுக் காட்டியதில்லை. "வாய் மட்டுந்தான் இருக்கா, கையும் இருக்கில்ல? நாளைலருந்து நீங்களே போட்டுக்குங்க" என்றாள். அவன் கருவிப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டதாக அவன் தங்கை மூலம் சேதி வந்தது, அவ்வளவுதான்.

சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்துவிட்டு வந்து தனக்கு மட்டும் போட்டுக் குடித்த அந்த வருடங்களில், கொதித்த தண்ணீரை இறக்கிக் குமிழ் அடங்கும்வரை பொறுக்கவும், முதலில் தூள் நனையுமளவு விட்டு, அது உப்பி எழுந்தபின் மிச்சத்தை ஊற்றவும் அவள் பழகிக்கொண்டாள். கசப்பு போனது. அவன் சொன்னது சரி என்பதை மட்டும் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

நாத்தனாருக்கு அந்தக் கோப்பையைக் கண்டாலே ஆகாது. "கொட்டித் தொலைங்க அண்ணி. சூடா இருந்தா ஆள் வந்துருமா?"

"கொட்டினா சிங்க் பைப் உருகிடும்" என்பாள் இவள்.

ஒரு காலையில் ஆவி மெலிந்திருந்தது. தொட்டாள், விரலை இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. உடனே நாத்தனாருக்குப் போன் போட்டாள். அவளுக்கும் அப்போதுதான் தெரிந்திருந்தது: அண்ணன் லிஃப்ட் குழியில் விழுந்து, கால் முறிந்து, நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

கோப்பையைத் தட்டால் மூடித் துண்டில் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பாதி வழியில் அது வெதுவெதுப்பாகிவிட்டது. வழி முழுக்க இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வந்தாள். அவன் கட்டிலருகே போனபோது துண்டு பொசுங்கும் வாடை அடித்தது. அவள் துண்டை அவிழ்த்தாள். அவன் கண் திறந்து கோப்பையைப் பார்த்தான்.

"அதே காபியா?"

"அதேதான்."

ஒரு வாய் குடித்தான். "கசக்குது."

"கொதிக்கக் கொதிக்க ஊத்துனது. நீங்க சொன்னது சரிதான்."

அவன் வண்டல்வரை குடித்தான். முறிந்த கால் எலும்பு கூடுவதற்குள் வீட்டுக்கே வந்துவிட்டான்.

பிறகொரு நாள் மழையில் பஸ் நின்றுபோய், அவள் வேலையிலிருந்து வர வெகுநேரமாயிற்று. கல்மேடையில் மூடிய கோப்பை இருந்தது.

"எப்பப் போட்டீங்க?"

"நீ வர்ற நேரத்துக்குத்தான் போட்டேன். சாயங்காலம்."

தட்டை எடுத்தாள், ஆவி முகத்தில் அடித்தது. ஒரு வாய் குடித்தாள்.

"கொதிக்கும்போதே ஊத்திட்டீங்களா?"

"அவசரத்துல."

அவள் ஈரப் புடவையோடு உட்கார்ந்து முழுவதையும் குடித்துவிட்டு, கோப்பையைக் கல்மேடையில் ஏற்கெனவே பதிந்திருந்த வட்டத்தின் மேலேயே வைத்தாள்.