இழுப்பு

மயானத்திலிருந்து ஈரத்துணியோடு வந்த பாலகோபால், வாசலில் ஏற்றியிருந்த விளக்கைக் கும்பிட்டு நிமிர்ந்தபோது, உள்ளே அப்பாவுக்கு இழுத்துக்கொண்டிருந்தது.

கால் அங்கேயே நின்றுவிட்டது. இந்தக் கையால்தான் சற்றுமுன் அவருக்குக் கொள்ளி வைத்தான். கூடத்தில் வீட்டைக் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்த பெண்கள் யார் காதிலும் அந்தச் சத்தம் விழுந்ததாகத் தெரியவில்லை.

அறைக்குள் எட்டிப் பார்த்தான். அப்பாவின் கட்டிலில், பஞ்சு மெத்தையின் நடுவே, அவனுடைய லேப்டாப் ஃபேன் இரைய ஓடிக்கொண்டிருந்தது. விடிகாலைக் கூச்சலில் நிறுத்த மறந்து மேசையில் வைத்துவிட்டுப் போனது அது. பக்கத்தில் அம்மா தெய்வாத்தாள், கட்டில் சட்டத்தில் தலைசாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

தொட்டான். கை சுட்டது. பெங்களூர்க் கம்பெனி கொடுத்த பெட்டி. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. எரிந்துபோனால் அதோடு சரி.

மெத்தை அடைத்துக்கொண்டால் அடியில் காற்று எப்படிப் போகும்? தெரிந்தும் இந்த வாரமெல்லாம் அவன் அப்பாவின் காலடியில் வைத்துத்தான் வேலை பார்த்தான். ஃபேன் ஓயவேயில்லை. மில்லில் பஞ்சு பிரிக்கும் இடத்திலேயே ஆயுளைக் கழித்த அப்பா திருமூர்த்தி, நெஞ்சில் ஏறிய தூசோடு மல்லுக்கட்டிக்கொண்டே ஒருநாள் அதைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, அதுக்கும் என்னையாட்ட இழுப்பா?"

சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் கேலி எதுவும் பேசவில்லை.

பாலகோபால் பெட்டியை நிறுத்தி, மேசைக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்தான். திருகுகளைக் கழற்றினான். ஃபேன் இறக்கைகளில் பஞ்சு நூல்நூலாகச் சுற்றியிருந்தது. பிரஷ்ஷால் துடைத்தான், சைக்கிள் பம்ப்பால் ஊதினான். மூடி, காற்றுப் போகப் பின்பக்கம் இரண்டு தீப்பெட்டிகளை முட்டுக்கொடுத்து, மறுபடி ஓடவிட்டான். கொஞ்ச நேரம் சுற்றிய ஃபேன் தானாக அடங்கியது. அப்பாடா என்றிருந்தது.

அம்மா தலையைத் தூக்கினாள்.

"அதைய நிறுத்திப்போட்டியா சாமி?"

"இல்லீங்ம்மா. ஓடுது. சத்தந்தான் இல்லீங்."

அவள் வெறும் மெத்தையைத் தடவிக்கொண்டிருந்தாள். செத்தவர் படுத்த மெத்தையை அன்றைக்கே வெளியே போட்டுவிட வேண்டும். அதைத்தான் அத்தை சுப்பாத்தாள் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாளாம். பையன் பெட்டி அதன்மேல் இருக்கிறது, அவன் வரட்டும் என்று அம்மா ஒவ்வொரு தடவையும் தட்டிக்கழித்திருக்கிறாள். மேசையிலிருந்து பெட்டியைத் தூக்கி மெத்தையில் வைத்ததும் அவளேதான்.

பாலகோபால் மேசையைப் பார்த்தான். மெத்தையைப் பார்த்தான். பிறகு பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி, மெத்தையில் குழி விழுந்திருந்த இடத்திலேயே வைத்து, உள்ளே அழுந்தும்படி அமுக்கினான்.

சற்று நேரத்தில் அடியிலிருந்து இழுப்பு மெல்லத் தொடங்கி ஏறியது. அம்மா சட்டத்தில் மறுபடி தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

அத்தை வாசற்படியில் வந்து நின்றாள். "ரிப்பேரு முடிஞ்சுதா கண்ணு? மெத்தைய எடுத்துப்போடலாமா?"

"இன்னும் சூடு ஆறலீங்கத்தை. இருக்கட்டுங்க."

அவள் போனதும் கதவை ஒருக்களித்துச் சாத்தினான். அம்மா தூங்கியிருந்தாள். பெட்டியின் பக்கவாட்டிலிருந்து வந்த வெங்காற்றில் அவளுடைய நெற்றிமயிர் ஆடிக்கொண்டிருந்தது.